உள்ளங்கைக்கு எத்தனை மில்லி

ஒரு அவுன்ஸ் என்றால் முப்பது மில்லி. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கையில் டீ கெட்டிலோடு கற்றதுதான். தாராவியில் என் முதல் டீக்கடைக்கு ஒரு பக்கம் தோல் கிடங்கு, மறு பக்கம் ஒரு பார். பாரில் சின்ன பெக் முப்பது, பெரிய பெக் அறுபது. நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் ஊற்றுகிறவன் கையைக் கொஞ்ச நாள் கவனித்தால் அளவு தானாகப் பிடிபட்டுவிடும். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வைத்திருந்த மருந்து கிளாஸிலும், என் மகன் பால் குடித்த பாட்டிலிலும் அவுன்ஸ் கோடுதான் போட்டிருந்தது. ஒரு அவுன்ஸும் ஒரு சின்ன பெக்கும் ஒன்றே என்று நானே பொருத்திப் பார்த்துக்கொண்டேன்.

பம்பாயில் அரை டீயைக் கட்டிங் என்பார்கள். ஒரு லிட்டர் பாலில் எத்தனை கட்டிங் எடுக்கலாம், மழை நாளில் எத்தனை, வெயில் நாளில் எத்தனை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கெட்டிலைச் சாய்த்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். அந்த மணிக்கட்டை வைத்துத்தான் கடையைச் சொந்தமாக்கினேன். டிராம்பே பக்கம் இரண்டு கம்பெனிகளில் கேண்டீன் காண்ட்ராக்ட் எடுத்தேன், மகனை என்ஜினீயராக்கினேன், செம்பூரில் பதினோராவது மாடியில் ஃபிளாட் வாங்கினேன். லோன் போடாமல் வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கட்டடத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இல்லை.

அப்படிப்பட்ட எனக்குத்தான் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று விதித்தார்கள்.

மழை ஓய்கிற சமயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கணுக்காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்து உடம்பிலிருந்து நீரை இறக்கினார்கள். இதயத்துக்குப் பம்ப் செய்கிற தெம்பு குறைந்துவிட்டது, உள்ளே போகிற தண்ணீரை வெளியே தள்ள அதனால் முடியவில்லை என்று டாக்டரம்மா இந்தியில் விளக்கினார். தண்ணீர், டீ, காபி, பால், ஜூஸ், சூப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். சட்டென்று ஏறினால் மறுபடி அட்மிஷன். நான், என் மனைவி, மகன், மருமகள் நான்கு பேரும் தலையாட்டினோம்.

மருமகள் நவி மும்பையில், சான்பாடாவில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறாள், நல்ல கெட்டிக்காரி. அவளிடம் ஒரு வளையத்தில் கோத்த ஸ்பூன்கள் இருக்கின்றன. சின்னது ஐந்து மில்லி, பெரியது பதினைந்து. தனியாக ஒரு கப், அது இருநூற்று நாற்பது. அவற்றைக் கொண்டுவந்து டைனிங் டேபிளில் பரப்பினாள்.

"மாமா, இந்தக் கப் டூ ஃபார்ட்டி."

"எட்டு அவுன்ஸுன்னு சொல்லு."

"அவுன்ஸ் எல்லாம் இப்ப யாரு யூஸ் பண்றா? மில்லியில சொன்னாதான் எனக்குப் புரியும்."

"எட்டை முப்பதால பெருக்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வெரல மடக்காமச் சொல்லுவேன்."

"சரி, நீங்கதான் ஜீனியஸ். ஆனா பாட்டில் என் கையிலதான் இருக்கும்."

பாட்டில் என்றது அவளுடைய ஏற்பாடு. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி டேபிளில் வைப்பாள். நான் தண்ணீர் குடித்தால் அதிலிருந்தே குடிக்க வேண்டும். காபியோ டீயோ குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து அளந்து எடுத்து பால்கனியில் துளசித் தொட்டிக்கு ஊற்றிவிடுவாள். பாட்டில் காலியானால் எனக்கு அன்றைய பொழுது முடிந்தது. சூரியன் இன்னும் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டிருக்கும்போதே என் நாள் முடிந்துபோனது உண்டு.

டீக்கடை கிளாஸ்களைத் தாராவியிலிருந்து வரவழைத்தேன். அடி கனத்த கிளாஸ். பார்த்தால் நிறைந்து நிற்கும், உள்ளே இருப்பது எழுபது மில்லிதான். சூடு நிற்பதற்காக அந்தக் கனம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வோம். அது என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணுக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஆனால் தாகத்துக்குக் கண் கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பேசும்போது சப்தம் காய்ந்து வரும். ஜன்னலில் நின்றால் டிராம்பே பக்கத்துப் புகைபோக்கியும் அதன் நுனியில் எரிகிற தீயும் தெரியும். கீழே தினமும் தண்ணீர் டேங்கர் வரும். அதன் குழாயிலிருந்து ஒழுகுவதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இருபது சொட்டு ஒரு மில்லி என்று ஆஸ்பத்திரியில் டிரிப் போட்ட நர்ஸ் சொல்லியிருந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து சொட்டு தெரியாது. ஆனாலும் ஒழுகுகிறதை மில்லியாக மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். லாரி போன பிறகும் சிமெண்ட் தரையில் அந்த ஈரம் காயும்வரை அங்கிருந்து நகரத் தோன்றாது.

எல்லாமே மில்லியாகிவிட்டது. நான் அண்ணாந்து குடித்துப் பழகியவன். என் மடக்கு ஒன்று இருபத்தைந்து மில்லி, சின்ன பெக்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஐஸ் கட்டி கரைந்தால் ஒரு பெரிய ஸ்பூன். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போனபோது குருக்கள் உத்தரணியில் தீர்த்தம் கொடுத்தார். கையை நீட்டிவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அஞ்சு மில்லி இருக்கும், போட்டுக்கிறேன்" என்றாள்.

"தீர்த்தத்துக்குமாட்டி கணக்கு?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இவ்வளவு கட்டுக்குள்ளும் எனக்கு ஒரு வாசல் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போவேன். அந்தக் கடையை இப்போது என் மனைவியின் தம்பி நடத்துகிறான். அங்கே போய் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பு வரைக்கும் இருக்கிற பழைய ஆட்கள் 'அண்ணாச்சி வந்திருக்காரு' என்று எட்டிப் பார்ப்பார்கள். செம்பூர் ஃபிளாட்டில் நான் ஒரு பேஷண்ட். தாராவியில் நான் யார் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே ஒரு கட்டிங் குடிப்பேன். வந்ததும் மருமகளிடம் சொல்லிவிடுவேன். துளசிக்கு எழுபது மில்லி போகும்.

அப்படியிருந்தும் எடை ஏறியது. கால் மறுபடி வீங்கியது. சாக்ஸ் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி தடம். மகன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"தாராவியில எத்தனை டீ குடிக்கிறீங்கப்பா?"

"ஒரு கட்டிங். வந்து சொல்றேனே."

"ஒண்ணேதானா? உங்களை எனக்குத் தெரியாதா?"

அவன் அங்கேயே நின்று மாமனுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். என் மச்சான் விஷயம் தெரியாமல் உற்சாகமாகிவிட்டான். "அத்தானுக்கா? அவருக்கு இங்க டீக்கு என்ன பஞ்சம் மருமகனே! கடையே அவருதுதானே, வேணுங்கிறத குடிப்பாரு" என்று சிரித்தான். அவன் சொன்னது மரியாதைக்கு. என் வீட்டில் அது சாட்சியாகிவிட்டது.

"போதும்பா. இனிமே தனியா வெளியே போக வேண்டாம்."

மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றான், பீகார்க்காரன், மரியாதை தெரிந்தவன். "அங்கிள், சாப் நே போலா ஹை. அகேலா நஹீ" என்றான், தனியாக விடக் கூடாதென்று மகன் சொல்லிவைத்திருக்கிறான். ஃபிளாட் யார் பேரில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "ஆப்கா ஹீ ஹை, அங்கிள்", உங்களுடையதுதான், என்று தலை குனிந்தான். அவனுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி மேலே போனேன்.

நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலம் மகனிடம் பந்தயம் போட்ட மாதிரி சொன்னேன். "ஒரு வாரம் வாசலைத் தாண்டமாட்டேன். உன் பொண்டாட்டி அளந்து கொடுக்கிறதைத் தவிர எதையும் தொடமாட்டேன். அப்புறமும் எடை ஏறுனா நான் தாராவிக்குப் போறதை நீ கேக்கக் கூடாது." அவன் சரி என்றான்.

அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே நீளமான வாரம். பாட்டிலில் வேண்டுமென்றே இரண்டு விரல் உயரம் மிச்சம் வைத்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. உதடு வெடித்தது. பேச்சைக் குறைத்தேன், பேசினால் வாய் காய்கிறது. இரண்டு கம்பெனி ஆட்களுக்கு வேளை தவறாமல் டீ கொடுத்தவன் ஒரு பாட்டிலுக்கு முன்னால் காவல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே காவல்.

வாரம் முடிந்து மெஷினில் ஏறி நின்றால் எடை இன்னும் கூடியிருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் யார் முகத்திலும் அது தெரியவில்லை. மகன் டாக்டருக்குப் போன் செய்ய உள்ளே போனான். மருமகள் ஸ்பூன் வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பாத்ரூம் கதவைக் கொஞ்ச நாள் தாழ்ப்பாள் போடாம இருக்கீங்களா? குளிக்கும்போது தெரியாம வாய்க்குள்ள..."

எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள் என்னை, கடை வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். வாங்கியதற்குப் பலமடங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இவள் மெதுவாகக் கேட்டாள், அதுவும் என் நல்லதுக்காகக் கேட்டாள். அதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது?

அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி, அவரு என்ன குழாயில வாய வச்சுக் குடிக்கிற ஆளா? ஒரு வாரமா பச்சத் தண்ணிக்கு மனுசன் தவிக்கிறதை நான்லா பாக்கேன். நீ ஊத்துனதைத் தவிர ஒண்ணும் தொடல. சாப்புடுறப்ப ரசத்த மட்டும் கையில ஊத்தச் சொல்லுவாரு. அதையும் நிறுத்துனா சோறு எப்பிடி எறங்கும்?"

மருமகள் வளையத்தை உருட்டுவதை நிறுத்தினாள்.

"அத்தை, ஒரு நிமிஷம். கையிலன்னா?"

"கையிலதான். இப்பிடிக் குழிச்சு வச்சுக்கிடுவாரு. ஊத்துவேன். உறிஞ்சுவாரு."

"எத்தனை தடவை?"

"அதை எவ எண்ணிக்கிட்டு நிப்பா? போதும்னு சொல்ற வரைக்கும்."

"அரே அத்தை! டாக்டர் சூப்புன்னு சொன்னாங்களே!"

"ரசம் எப்பிடிட்டி சூப்பாகும்? ரசம் சோத்துல சேத்தி."

அதில் என் மனைவியைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேண்டீனில் டீக்குக் கணக்கு உண்டு, காபிக்கு உண்டு, வடைக்கு உண்டு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் கிடையாது. கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவன் முகம் சுளித்தால் அன்றைக்கே அவனுக்குச் சீட்டுக் கிழித்துவிடுவேன். என் கேண்டீனுக்குக் கூட்டம் வந்ததே அதனால்தான். கிளாஸில் போகிறதுதான் குடிக்கிற சமாச்சாரம், தட்டில் விழுகிறது சாப்பாடு. இப்படியே பழகிய புத்தி என் வயிற்றையும் கேண்டீன் மாதிரியே நடத்தியிருக்கிறது.

மருமகள் ஒரு கிண்ணமும் கப்பும் கொண்டுவந்தாள். "கையைக் காட்டுங்க மாமா, ரசத்துக்குக் காட்டுற மாதிரியே."

"ஒரு அவுன்ஸ்கூட இருக்காது" என்று சொல்லிக்கொண்டே நீட்டினேன்.

உள்ளங்கையைக் குழித்தேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். பல நாளுக்குப் பிறகு கை நிறையத் தண்ணீர். ஒரு கணம் அதைக் குடித்துவிடத் தோன்றியது, யாருக்கும் தெரியாமல் இல்லை, எல்லோர் முன்னாலும். குடிக்கவில்லை. கிண்ணத்தில் சாய்த்தேன், அவள் கப்பில் மாற்றிக் கோட்டைப் பார்த்தாள்.

"நாற்பது" என்றாள்.

நம்பாமல் இன்னொரு தடவை ஊற்றச் சொன்னேன். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியது. கெட்டில் பிடித்து அகன்ற கை. வேளைக்கு ஐந்தாறு கை ரசம், இரண்டு வேளை. இட்லி முங்குகிற சாம்பார். தயிர்சாதத்தை இளக்க மோர். உள்ளேயிருந்து வந்த மகன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். எல்லாம் சேர்த்தால் டேபிளில் இருந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் பாட்டில் தினமும் நின்றிருக்கிறது. பிறகு மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவன் சிரித்ததில்லை.

நான் சிரிக்கவில்லை. "நான் டீ குடிக்கலைன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கிட்டேன்பா."

"வாட்ச்மேன்கிட்டயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"எனக்கு முன்னால சொல்லணும்."

இன்டர்காமில் அப்போதே சொன்னான். அந்த மட்டில் என் வார்த்தை நின்றது.

ஆனால் வாசல் திறந்த அன்றே தட்டுக்கும் கோடு போட்டாகிவிட்டது. ரசம் சோற்றின் மேல் பெரிய ஸ்பூனால் இரண்டு. சாம்பார் சின்னக் கிண்ணத்தில், இட்லியைத் தொட்டுக்கொள்ள மட்டும். மோர் அளந்து. என் மனைவி ஊற்ற வருவாள், கை பழக்கத்தில் சாயும், மருமகள் 'அத்தை' என்பாள், கை நிற்கும். காய்ந்த சோறு தொண்டையில் நின்று நின்று இறங்கியது. இத்தனை நாள் தாகத்தைத் தாங்கியது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது. நான் தாங்கியதில் பாதி, தெரியாமல் ரசம் தாங்கியது. இப்போது முழுவதும் என் தலையில்.

எடை இறங்கியது. டாக்டரம்மா ஷாபாஷ் என்றார். தாராவிக்குப் போகலாம், பாட்டில் கணக்கு மீறாமல்.

அங்கேதான் அடுத்த முடிச்சு. மச்சான் கடையில் ஒரு கட்டிங் குடிக்காமல் எழுந்திருக்க முடியாது. அதே சந்தில் தோல் பை பட்டறை வைத்திருக்கிற முஸ்லிம் நண்பர், எங்கள் தெற்குச் சீமைக்காரர், என்னைப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவைத்து டீ சொல்லிவிடுவார். முன்பு மச்சான் கடையில் குடித்தாயிற்று என்று இவரிடம் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். போன தடவை அவர் முகம் மாறிவிட்டது. "செம்பூருக்குப் போனதுக்கு அப்புறம் நம்ம டீ இறங்கலியாக்கும் அண்ணாச்சிக்கு" என்றார். என் டீயைக் குடித்துத்தான் அவர் பட்டறை எழுந்தது, அவர் கூட்டிவந்த வாடிக்கைக்காரர்களால்தான் என் கடை எழுந்தது. அவரிடம் இதயத்தையும் மில்லியையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு வாய் வரவில்லை. ஆக இரண்டு கட்டிங், நூற்று நாற்பது மில்லி. ரசமும் மோரும் மாத்திரைத் தண்ணீரும் போக அதை எங்கிருந்து எடுப்பது என்று எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். காலைக் காபி ஒன்றுதான் கையில் அகப்பட்டது.

இந்தத் தடவை புறப்படுகிற அன்று காலையில் மனைவியிடம் சொன்னேன். "இன்னைக்கு எனக்குக் காபி வேண்டாம். அங்க ரெண்டு எடத்துல குடிக்கணும்."

இரண்டு டம்ளரும் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் வேண்டாம்."

"நீ குடி. ஒனக்கென்ன கணக்கு?"

"கணக்குக்கா நான் குடிக்கேன்?"

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, தாராவியில் ஒற்றை அறையில் இருந்தபோதும், கடை திறக்க இருட்டிலேயே எழுந்தபோதும், காலைக் காபியை இருவரும் சேர்ந்துதான் குடித்திருக்கிறோம். அது அவளுக்கு இவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை. "இன்னைக்கு வேணா இருந்துட்டு நாளைக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் அதைப் பார்த்தாள்.

"வேண்டாம். இந்தப் பாட்டிலப் பாத்துக்கிட்டே இருந்தா ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். போயிட்டு வாங்க."

மிச்சமிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய் தனக்கு மட்டும் காபி ஊற்றினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சூடு ஆறுவதற்குள், மருந்து குடிக்கிற மாதிரி வேகமாகக் குடித்தாள். வாசனை ஹால் வரை வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே நின்றேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் லிஃப்டைக் கூப்பிட்டேன்.